சிவப்பு கார்டும் 80டிடியும்

முதலில் ஒரு கணக்கு. இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் இருபது வயது, இருவர் கையிலும் 80 சதவீதத்துக்கு மேல் ஊனம் என்ற சான்றிதழ். ஒரு பிள்ளையின் அப்பா புதுச்சேரி டவுனில் பெரிய சம்பளக்காரர். இன்னொரு பிள்ளையின் அப்பா வீராம்பட்டினத்தில் ஃபைபர் படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். வீடுகள் கற்பனை, எண்கள் சர்க்காருடையவை.

சம்பளக்காரர் பழைய வரிமுறையில் 30 சதவீத வரம்பில் இருந்தால், 80டிடி என்று சொல்லப்படும் கழிவில் 1,25,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். செஸ்ஸையும் சேர்த்தால் வருஷத்துக்கு 39,000 ரூபாய் மிச்சம். பிள்ளைக்கு எவ்வளவு செலவழித்திருந்தாலும் கழிவு அதேதான். கடல் வீட்டுக்கு ஒன்றிய அரசு தருவது, இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில், மாதம் 300. வருஷத்துக்கு 3,600. அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான். புதுச்சேரி அரசு தன் பங்கைச் சேர்ப்பதால் கைக்கு வருவது கூடும், சரி. ஆனால் டெல்லியின் தராசில் ஒரே சான்றிதழுக்குப் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஊனம் 40 முதல் 79 சதவீதம் என்றால் டவுன் வீட்டுக்கு 23,400 மிச்சம். கடற்கரை வீட்டுக்கு டெல்லியிலிருந்து பூஜ்யம்.

இதில் முதலாவதற்குப் பெயர் வரிச்சலுகை. இரண்டாவதை டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை இலவசம் என்கிறார்கள்.

அந்தச் சம்பளக்காரரிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. புதிய வரிமுறைக்குப் போனால் அவருக்கும் அந்தக் கழிவு போய்விடும். என் சண்டை அந்த 300 ரூபாயோடு. 2009-இல் 200 ஆகத் தொடங்கி, 2012-இல் 300 ஆகி, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி உயரும்; இந்த 300-க்கு டிஏ கிடையாது. நடுவில் தமிழில் மாற்றுத்திறனாளி என்றோம், இந்தியில் திவ்யாங் என்றார்கள். பெயர்தான் மாறியது. 2016 சட்டம் வேறு, மற்றவர்களுக்கான திட்டங்களைவிட ஊனமுற்றோருக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 60 வயது முதியவருக்கு ஒன்றிய அரசு தருவது 200. 300 அதைவிடப் பெரிசுதானே? சட்டம் நிறைவேறிவிட்டது!

‘சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கு நிதித் திட்டமிடல்’ என்று பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள், எஸ்ஐபி போடுங்கள், டிரஸ்ட் அமையுங்கள், உயில் எழுதுங்கள். தப்பான யோசனைகள் இல்லை. ஆனால் எல்லாமே மாதச் சம்பளம் என்ற ஒற்றைத் தூணில் நிற்பவை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. புயல் எச்சரிக்கை நாட்கள் தனி. இதில் எந்தத் தேதிக்கு எஸ்ஐபி போடுவது?

அப்படியென்றால் இந்த வீடுகளில் திட்டமே இல்லையா? இருக்கிறது. ‘எனக்கப்புறம் இவள யாரு பாப்பா?’ என்று அம்மா கேட்டால், ‘அண்ணன் இருக்கான்ல’ என்பதுதான் பதில். கூடப் பிறந்தவன்தான் பாலிசி. அரசு அடிப்பது சரியாக அந்த இடத்தில்தான். புதுச்சேரியில் ஏழை வீட்டுக்கு சிவப்பு ரேஷன் கார்டு, மற்றவர்களுக்கு மஞ்சள். அண்ணன் வளைகுடாவுக்குப் போய் நாலு காசு அனுப்பினால் வீடு வறுமைக்கோட்டைத் தாண்டிவிடுகிறது. தங்கையின் தகுதி ஆட்டம் காண்கிறது. அவள் கால் நேராகிவிட்டதா? அண்ணன் காசு அவள் பெயருக்கா வருகிறது? நாளை அவன் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போனால்? வளர்ந்த ஒரு பெண்ணின் உரிமையை இன்னொருவரின் சம்பாத்தியத்தை வைத்து அளப்பது அவளை என்றைக்கும் ஒரு ‘கை’யில் இருக்கச் சொல்வதுதான்.

இதை பிரான்ஸும் செய்தது. பிரெஞ்சு பென்ஷன் பற்றிப் பாண்டிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, சொல்தா வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஊனமுற்ற பெரியவர்களுக்கு 1975 சட்டத்தில் பிறந்த ஓர் உதவித்தொகை உண்டு. முழுத்தொகை இன்று மாதம் ஆயிரம் யூரோவைத் தாண்டும். கணவன் அல்லது மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதால், கல்யாணம் செய்தால் தொகை குறையும், சிலருக்கு நின்றே போகும். காதலா பணமா என்று அரசே கேட்டது. ஊனமுற்றோர் வருஷக்கணக்கில் போராடி 2022-இல் சட்டத்தை மாற்றவைத்தார்கள். 2023 அக்டோபரிலிருந்து துணையின் வருமானம் கணக்கில் இல்லை.

இங்கேயும் சண்டை போட்டால் நகரும். ஊனமுற்ற பிள்ளைக்காகக் கட்டும் 80டிடி பாலிசியில், பெற்றோர் செத்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் என்றிருந்தது. அந்த வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், பரிசீலியுங்கள் என்று ஒன்றிய அரசிடம் சொன்னது. 2022 பட்ஜெட்டில், பெற்றோருக்கு 60 வயதானதும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தொகை வரலாம் என்று மாறியது. வரி கட்டுகிறவர்களின் குரல் மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வீராம்பட்டினத்துக்கு வழி தெரியாத அரசு ஒன்றும் இல்லை. செங்கழுநீர் அம்மன் தேருக்கு ஆடி வெள்ளியில் ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நடக்கிறது. வரும்போது இந்தக் கேள்விகளையும் வாங்கிப் போகட்டும்: 18 வயது தாண்டியவரின் விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் எதற்கு? அவர் வருமானத்தைக் கேட்டால் போதாதா? பணத்துக்கு எங்கே போவது என்று திருப்பிக் கேட்டால், 80டிடிக்கு எங்கே போனீர்களோ அங்கேயே போங்கள்.