யாரிடம் கேட்டீர்?



நபிமொழி பயிலும் மாணவருக்கு, செய்தி என்ன என்பதோடு அதை யார் யாரிடம் கேட்டு அறிவித்தார் என்பதையும் ஆராயக் கற்பிக்கிறோம். அந்த அறிவிப்பாளர் வரிசையே ஸனது. பொருளியல் அறிஞர்களும் தொழில்துறைகளை நோக்கி ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்கின்றனர் என்றறிந்து வியந்தேன்.

காப்புரிமை ஆவணத்தில், அதற்கு முந்திய தொடர்புடைய காப்புரிமைகளையும் குறிப்பிடுவர். அமெரிக்காவில் 1947 முதல் அவை அந்த ஆவணத்திலேயே அச்சாகின்றன. ஒரு துறையின் ஆவணம் வேறொரு துறையின் ஆவணத்தைச் சுட்டினால், அறிவு அங்கிருந்து இங்கு வந்ததற்கு அதை அடையாளமாகக் கொள்கின்றனர். இத்தகைய பயணம் உண்மையில் நிகழ்வதே. சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவரல்லர். கணினி வடிவமைத்த பொறியாளர். அவர் பணியாற்றிய இ.எம்.ஐ. நிறுவனமோ இசைத்தட்டுக்குப் பெயர்பெற்றது! ஹால், ஜாஃபி, டிராஜ்டென்பர்க் ஆகியோர் 2001இல் தொகுத்தளித்த தரவில் மட்டும் 1 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட சுட்டுகள் உள்ளன.

ஆனால் அச்சுட்டுகளை எழுதியவர் யார்? கண்டுபிடித்தவர் மட்டுமல்லர், காப்புரிமை அலுவலக ஆய்வாளரும் சேர்க்கிறார். 2001 முதல் அமெரிக்க ஆவணங்களில் ஆய்வாளர் சேர்த்தவை தனியே குறியிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த அல்காசர், கிட்டல்மன் இருவரும், சராசரிக் காப்புரிமையொன்றில் 63 விழுக்காட்டுச் சுட்டுகள் ஆய்வாளர் சேர்த்தவையே என 2006இல் எழுதினர். கண்டுபிடித்தவர் அந்த முன்னோடி ஆவணத்தைக் கண்ணாலும் பார்த்திராமல் இருக்கலாம்!

"இன்னாரிடமிருந்து" என்று மட்டும் கூறும் அறிவிப்பில், இருவரும் சந்தித்தது உறுதியாக வேண்டும் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நிலை. சமகாலத்தவராய் இருந்து சந்திக்க வாய்ப்பிருந்தால் போதும் என்றார்கள் இமாம் முஸ்லிம் (ரஹ்). ஆய்வாளர் சேர்த்த சுட்டையும் அறிவு வந்த வழியாக எண்ணுவோர், இவ்விரண்டில் இலகுவானதையும் கடந்துவிடுகின்றனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுட்டப்படாமலே போகும் அறிவின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. மஞ்சள் தூளால் காயத்தை ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்ததுதான். எனினும் அவர்கள் எந்த ஆவணத்திலும் இல்லையே! இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களிலிருந்து சான்றுகளை முன்வைத்து வாதாடிய பின்னரே, 1997இல் அது நீக்கப்பட்டது. பின்னர் அரபு, பாரசீக, உருது மொழிகளிலுள்ள யூனானி நூல்களின் மருந்துக் குறிப்புகளும் ஆங்கிலம் முதலிய மொழிகளில் கணினித் தொகுப்பாக்கப்பட்டன. அத்தொகுப்பைத் திறந்து பார்க்க வேண்டியவரும் அதே ஆய்வாளர்தாம்.