துணி துவைக்கும் நாளில் ஒரு பயணத் திட்டம்

சனிக்கிழமை எம் இல்லத்தில் துணி துவைக்கும் நாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும், வீட்டுத் துணிகளைத் தொடுவதற்கு முன்னர், பங்கு ஆலயத்திலிருந்து கொண்டுவந்த வெண்துணி மூட்டையை எம் துணைவியார் தனியே பிரித்து வைப்பார். பீட விரிப்புகள், குருவானவர் கை துடைக்கும் துண்டுகள், கிண்ணம் துடைக்கும் சிறு துணிகள், திருமேனித் துகில்கள் ஆகியவை அதில் இருக்கும். இருபது ஆண்டுகளாக அவர் செய்துவரும் பணி இது. இம்முறை அப்பணிக்கு நடுவேதான், இத்தாலி நாட்டின் ஒரு சிற்றூருக்கு நாம் முதன்முறையாகச் செல்லவிருக்கும் பயணத்தின் திட்டமும் உருவாயிற்று. ஆகவே சவுக்கார நுரையும் புகைவண்டி நேரமும் இப்பக்கத்தில் கலந்தே வருமாயின் வாசகர்கள் பொறுத்தருள்க.

உரோமைக்குச் செல்லும் திருப்பயணக் குழுவில் எமக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அப்பயணத்தில் ஒரேயொரு நாள் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது. பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் காணலாம் என்றனர் சிலர். புளோரன்ஸ் கடைவீதியே சிறந்தது என்றனர் வேறு சிலர். எம் துணைவியார் கேட்டது ஓர்வியேத்தோ என்னும் மலையூர். காரணம், அங்கே ஒரு துணி இருக்கிறது.

அத்துணியின் வரலாற்றை நம் பெரியோர் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பர். 1263-ஆம் ஆண்டில், பிராகா நகரத்துப் பேதுரு என்னும் குருவானவர் உரோமைக்குத் திருப்பயணம் போகும் வழியில், பொல்சேனா என்னும் ஊரில் புனித கிறிஸ்தீனா ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார். அப்பத்தில் ஆண்டவர் மெய்யாகவே எழுந்தருளியிருக்கிறாரா என்ற ஐயம் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. எழுந்தேற்றம் பெற்ற அப்பத்திலிருந்து குருதி கசிந்து, பீடத்தின்மீது விரித்திருந்த திருமேனித் துகிலை நனைத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அப்போது திருத்தந்தை நான்காம் உர்பான், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஓர்வியேத்தோவில் தங்கியிருந்தார். துகில் அவரிடம் கொண்டுவரப்பட்டது. அன்றுமுதல் அவ்வூரிலேயே உள்ளது. மறு ஆண்டு, 1264 ஆகஸ்டு 11-ஆம் நாள், நற்கருணைப் பெருவிழாவைத் திரு அவை முழுவதற்கும் ஏற்படுத்திய ஆணைமடல் அவ்வூரிலிருந்தே வெளிவந்தது. அம்மடலில் பொல்சேனா நிகழ்ச்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விழா அற்புதத்தினால் மட்டும் பிறந்ததன்று. லியேஜ் நகரத்துப் புனித ஜூலியானா அதற்காகப் பல்லாண்டுகள் உழைத்திருந்தார்.

இவற்றையெல்லாம் நாம் வாசித்துக் காட்டியபோது, துணைவியார் கையிலிருந்த துணியை நீரிலிருந்து எடுத்தபடியே, "ஏங்க, அந்தத் துணியை யாருமே துவைக்கவில்லையா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டோம். பின்னர் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனெனில் அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கறை கண்டால் துவைப்பது அவர் கைகளின் இயல்பு. 1983 வரை நடைமுறையிலிருந்த 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி திருமேனித் துகில்களையும் கிண்ணம் துடைக்கும் துணிகளையும் முதலில் அலச வேண்டியிருந்தவர் திருப்பட்டம் பெற்றவரே. அதன் பின்னரே துறவியரும் பொதுநிலையினரும் தொட முடிந்தது. 2004-இல் உரோமையிலிருந்து வந்த அறிவுரையும் பழைய முறையைப் போற்றுகிறது: முதல் நீரைக் கையால் அலசி, மண்ணுக்குள் நேரே இறங்கும் ஆலயத் தொட்டியிலோ தகுந்த இடத்தில் நிலத்திலோ ஊற்றுதல் நன்று, அதன்பின் வழக்கம்போல் துவைக்கலாம். எம் பங்கில் அத்தகைய தொட்டி இல்லை. ஆகவே ஆலயத்திலேயே ஒரு தனிப் பாத்திரத்தில் அலசி, மாதா கெபியை அடுத்த மகிழ மரத்தடியில் அந்நீரை ஊற்றிய பின்னரே மூட்டை வீட்டுக்கு வரும். யாரும் காணாத பணி. குருவானவர்கூட மறந்திருக்கலாம்.

"முன்னெல்லாம் அந்தத் தண்ணீரை ஊற்றும்போது செபம் சொல்வேன். இப்போது கை தானே ஊற்றிவிடுகிறது, மனம் குழம்பு வைப்பதில் இருக்கிறது" என்றார். பொல்சேனாக் குருவுக்கு இருந்தது ஐயம். எங்களுக்கு வந்திருப்பது மரத்துப்போதல். எது பெரிய நோய் என்று நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. ஆனால் ஓர்வியேத்தோவுக்கே போவது என்று அக்கணமே முடிவாயிற்று.

இனித் திட்டம். உரோமையிலிருந்து வட்டாரப் புகைவண்டியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். காகிதச் சீட்டாயின் ஏறுமுன் நிலையத்திலுள்ள கருவியில் முத்திரை இட்டுக்கொள்ள வேண்டும்; தவறினால் அபராதம். நிலையம் அடிவாரத்தில், ஊரோ செங்குத்தான எரிமலைப் பாறையின் உச்சியில். நிலையத்திற்கு எதிரிலிருந்தே கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டி மேலே ஏறும். 1888-இல் அது தொடங்கியபோது தண்ணீரின் எடையால் இயங்கியதாம். 1970-இல் நின்று, 1990 முதல் மின்சாரத்தால் ஓடுகிறது. மேலிருந்து பேராலயத்திற்குச் சிறு பேருந்து உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இச்செய்தி சிறிதன்று.

பேராலயத்திற்கு 1290-இல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் அடிக்கல் நாட்டினார். வெள்ளையும் கருமையுமாகக் கோடிட்ட சுவர்கள். அதன் ஒரு பக்கச் சிற்றாலயத்தில் அத்துகில் வைக்கப்பட்டுள்ளது. அதற்கென 1338-இல் சியென்னா நகரத்துப் பொற்கொல்லர் உகோலீனோ செய்து முடித்த வெள்ளிப் பேழை, பேராலய முகப்பின் வடிவிலேயே அமைந்தது. ஆண்டுதோறும் நற்கருணைப் பெருவிழாவில் துகிலை ஊர்வலமாக எடுத்துச் செல்வர். நாம் போவது அக்டோபரில். ஊர்வலம் நமக்கு வாய்க்காது.

வண்டி நிற்குமிடத்தருகே ஒரு கிணறும் இருக்கிறது. 1527-இல் உரோமை சூறையாடப்பட்டபோது ஓர்வியேத்தோவுக்குத் தப்பி வந்த திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச் சொன்ன கிணறு. 53 மீட்டர் ஆழம், 248 படிகள். இறங்கும் கோவேறு கழுதையும் நீர் சுமந்து ஏறும் கழுதையும் ஒன்றையொன்று எதிர்ப்படாதபடி இரு தனிப் படிவழிகள். "ஒரு வாளித் தண்ணீருக்கு இத்தனை பாடா! அந்த ஊர்ப் பெண்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைத்தார்களோ?" என்று துணைவியார் இரக்கப்பட்டார். மேலிருந்தே எட்டிப் பார்ப்பதென்று அவர் முழங்கால்கள் தீர்மானித்துவிட்டன.

உடைக்கு வருவோம். பத்து நாளுக்குப் பத்துச் சேலை என்று பெட்டியை நிரப்புவது வீண். மூன்று போதும்: உடுத்தியது ஒன்று, துவைத்தது ஒன்று, காய்வது ஒன்று. கனத்த பருத்தி குளிர்நாட்டில் இரவுக்குள் உலராது. மெல்லிய துணியே நன்று. அலசிய துணியை உலர்ந்த துவாலைக்குள் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். உரோமைத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது; கட்டிச் சவுக்காரம் நுரைக்காது, தூளே உதவும். லவாந்தெரியா என்ற பலகை தொங்கும் கடைகளில் சிலவற்றில் நாணயம் இட்டால் இயந்திரமே துவைத்து உலர்த்தித் தரும். இத்தாலியர் சாளரத்துக்கு வெளியே கொடி கட்டிக் காயப்போடும் காட்சி படங்களில் அழகுதான். ஆனால் தெருவில் போவோர் தலையில் நீர் சொட்டினால் பல ஊர்களில் நகராட்சி விதி குறுக்கே வரும். ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் சேலைக்கு அங்கே சிக்கலே இல்லை. இளைஞர்களின் அரைக்காற்சட்டைக்குத்தான் சிக்கல்.

எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி எஞ்சியது. அந்த மாதத்து ஆலயத் துணிகளை யார் துவைப்பது? பக்கத்து வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் முன்வந்தாள். சென்ற சனிக்கிழமை துணைவியார் அவளை ஆலயத்திற்கு அழைத்துச் சென்று, முதல் நீரில் அலசக் கற்றுக்கொடுத்தார். மகிழ மரத்தடியில் பாத்திரத்தைச் சாய்க்கும் முன், "ஆன்ட்டி, இதை ஏன் இங்கே ஊற்ற வேண்டும்?" என்று அப்பெண் கேட்டாளாம். துணைவியார் பதில் சொல்லத் தொடங்கி, சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்றாம். அன்று எம் வீட்டில் குழம்பு வைக்கவில்லை.