இன்டீரியர் டிசைனர் ஆக எந்தத் தகுதி கட்டாயம்? சட்டம் விட்டுவைத்துள்ள இடைவெளி

மருத்துவராகவோ வழக்குரைஞராகவோ தொழில் செய்ய விரும்புவோருக்குப் பட்டமும் உரிய கவுன்சிலில் பதிவும் கட்டாயம். ஆனால் ஒரு வீட்டின் உட்சுவரை இடித்து மாற்றவும், மின் இணைப்புகளின் பாதையைத் திருப்பவும், ஃபால்ஸ் சீலிங் அமைக்கவும் திட்டம் வகுத்துத் தரும் உள் அலங்கார வடிவமைப்பாளருக்கு இந்தியாவில் அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் இன்டீரியர் டிசைனர் எனப் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாம் என்பதே இன்றைய நிலை.

பெயருக்கு மட்டுமே பாதுகாப்பு

இதற்கு நெருங்கிய துறையான கட்டடக்கலைக்கு 1972-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 37-வது பிரிவின்படி, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்யாதவர்கள் தங்களை 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்ள முடியாது. எனினும், இந்தப் பிரிவு அப்பட்டப்பெயரைப் பயன்படுத்துவதை மட்டுமே தடுக்கிறது, பதிவு செய்யாதவர்கள் கட்டடக்கலை சார்ந்த பணிகளில் ஈடுபடுவதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் தெளிவுபடுத்தியது.

உள் அலங்காரத் துறைக்கு இந்தப் பெயர்ப் பாதுகாப்புகூட இல்லை. 1972-இல் தொடங்கப்பட்ட இந்திய உள் அலங்கார வடிவமைப்பாளர்கள் நிறுவனம் தகுதியின் அடிப்படையில் உறுப்பினர்களைச் சேர்க்கிறது. ஆனால் அது விருப்பத்தின்பேரில் சேரும் தொழில் அமைப்பு. அதில் உறுப்பினராக இல்லாதவர் தொழில் செய்யச் சட்டத்தில் தடை இல்லை.

படிப்புகள் பல

மாணவர்களைக் குழப்புவது படிப்புகளின் எண்ணிக்கைதான். 10-ஆம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐ-களில் உள் அலங்கார வடிவமைப்பில் ஓராண்டுப் பயிற்சி உள்ளது. பிளஸ் 2 முடித்தவர்கள் பி.டெஸ். உள்ளிட்ட பட்டப் படிப்புகளில் சேரலாம். அகமதாபாதில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம், செப்ட் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்த பலரும் இத்துறைக்கு வருகின்றனர். மறுபுறம், சில மாதங்களில் சான்றிதழ் வழங்கும் தனியார் பயிற்சி மையங்களும் இணையவழி வகுப்புகளும் பெருகியுள்ளன.

இவற்றின் தரத்தில் பெரும் வேறுபாடு இருந்தாலும், தொழில் செய்யும் உரிமையைப் பொறுத்தவரை சட்டத்தின் முன் அனைத்தும் ஒன்றே. வேலைக்கு எடுக்கும் நிறுவனமும் பணியை ஒப்படைக்கும் வாடிக்கையாளருமே தகுதியை எடைபோட வேண்டியுள்ளது.

அழகு மட்டுமல்ல, பாதுகாப்பும்

உள் அலங்காரம் என்பது வண்ணமும் திரைச்சீலையும் மட்டுமே என்றால் இதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. மும்பையின் காட்கோபரில் 2017 ஜூலை 25-ஆம் தேதி அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். தரைத்தளத்தில் நடைபெற்ற சீரமைப்புப் பணியில் தூண்கள் சேதப்படுத்தப்பட்டதாகக் குடியிருப்பாளர்கள் குற்றம்சாட்டினர். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எந்தப் பொருள் எளிதில் தீப்பற்றும், வெளியேறும் வழி எது என்பதை அறியாமல் செய்யப்படும் மாற்றம் அண்டை வீட்டாரையும் ஆபத்தில் தள்ளும்.

அமெரிக்காவின் நெவாடா, லூசியானா போன்ற சில மாநிலங்களில் பதிவு முறை நடைமுறையில் உள்ளது. அங்கு என்சிஐடிக்யூ எனப்படும் தேர்வை எழுதக் கல்வியுடன் பணி அனுபவமும் தேவை. கட்டட விதிகளும் பாதுகாப்பும் அத்தேர்வின் முக்கியப் பகுதிகள்.

இந்தியாவில் அதே முறையை அப்படியே கொண்டுவந்தால், பட்டம் இல்லாமல் பல ஆண்டு அனுபவத்தால் தேர்ந்த தச்சர்களும் ஒப்பந்ததாரர்களும் வெளியேற்றப்படும் அபாயம் உண்டு. எனவே அனைவருக்கும் உரிமம் என்பதைவிட, கட்டமைப்பு, மின்சாரம், தீத்தடுப்பு ஆகியவற்றைத் தொடும் பணிகளுக்கு மட்டும் தகுதியை வரையறுப்பதும், அனுபவசாலிகளுக்குத் தேர்வு மூலம் அங்கீகாரம் அளிப்பதும் நடைமுறைக்கு ஏற்றதாக இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

அதுவரை எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொறுப்பு மாணவர்களையும் வீட்டு உரிமையாளர்களையுமே சார்ந்துள்ளது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் யுஜிசி அங்கீகாரம் பெற்றதா, பாடத்திட்டத்தில் பணி வரைபடம், மதிப்பீடு, கட்டட விதிகள், களப்பயிற்சி ஆகியவை உள்ளனவா என்பதை மாணவர்கள் சேரும் முன் சரிபார்ப்பது அவசியம்.

வீட்டு உரிமையாளர்கள் வேலையின் அளவு, தொகை, காலக்கெடு ஆகியவற்றை எழுத்துபூர்வ ஒப்பந்தமாகப் பெற வேண்டும். சேவையில் குறைபாடு இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையத்தை அணுகலாம். இழப்பீடு பிறகு கிடைக்கலாம். இடிந்த தூணை அது மீட்டுத் தராது. ஆகவே தூண், உத்தரம், சுவர் எதையும் தொடும் முன் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலைப் பெறுவதே முதல் பாதுகாப்பு.