ஏரிக் கணக்கு எப்போது அந்தரங்கம் ஆனது?

2020 டிசம்பர் 10-ம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், தம் உரையில் உத்திரமேரூரை இழுத்தார். சொத்துக்கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தலில் நிற்கவே முடியாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் என்று பெருமைப்பட்டார். சரியாகச் சொன்னால், கல்வெட்டு கேட்பது சொத்துக்கணக்கை அல்ல. வாரியம் எனும் ஊர்க் குழுவில் இருந்தபோது கையாண்ட ஊர்க் கணக்கை. போகட்டும். மூன்று ஆண்டு முடிவதற்குள் அதே அரசு, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் குதறி எடுத்துவிட்டது. இப்போது ஊர்க் கணக்கில் ஒரு மனிதரின் பெயர் இருந்தால் போதும், அதைக் கொடுக்காமலிருக்கச் சட்டம் கைகொடுக்கும்.

பழைய 8(1)(ஜே) முரட்டுத்தனமானது அல்ல. பொதுப் பணியோடு தொடர்பில்லாத சொந்த விவரம், காரணமின்றி ஒருவரின் அந்தரங்கத்தில் நுழையும் விவரம், இவற்றைத் தர வேண்டாம் என்றது. பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அதன் வாலில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் மக்களாட்சியின் இலக்கணம். அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு, ‘தனிநபர் விவரம் தொடர்பான தகவல்’ தர வேண்டியதில்லை என்று ஒற்றைத் துண்டாக நிறுத்திவிட்டார்கள். 2012-ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றமே அரசு ஊழியரின் பணி விவரங்களைச் சொந்த விவரம் என்று சொல்லி, அலுவலகங்களுக்கு ஒரு சாக்கு தந்திருந்தது. அதிலாவது பொதுநலன் என்ற ஒரு சந்து மிச்சமிருந்தது.

இதில் எரிச்சலூட்டுவது தேதிதான். தரவுச் சட்டத்துக்கான விதிகளை 2025 நவம்பரில் அறிவித்தார்கள். தகவல் உரிமையை வெட்டும் 44(3) அன்றே அமலுக்கு வந்துவிட்டது. ஆனால், நம் தரவு திருடு போனால் நமக்குச் சொல்ல வேண்டும், தரவை வைத்திருப்பவர் அதைப் பத்திரமாக வைக்க வேண்டும், தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிற பிரிவுகளுக்கெல்லாம் 18 மாத அவகாசம். அதாவது 2027 மே மாதம். அபராதம் வசூலானாலும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். ஏமாந்தவன் கைக்கு ஒரு காசு வராது. நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்குகிறது. இந்தச் சட்டத்தில் அந்தரங்கம் சாக்கு, 44(3)தான் சரக்கு.

நம் தரவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உட்பட, இணையத்தில் வெளியானதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசின் ‘பொதுத் துறை’ என்ற துறையின் கணினிகளைப் பூட்டிவிட்டு, திறக்க 1,950 டாலர் கேட்டார்கள். 2024 மே மாதம் காவல்துறையின் முக அடையாள இணையதளத்துக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டார். கணினிப் பாதுகாப்பு மீறல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு இருக்கிறது. யாருடைய ஆதார் போனதோ அவருக்குச் சொல்லத்தான் இன்னும் நேரம் வரவில்லை.

கணினிப் பாதுகாப்புப் படிப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் விதி ஒன்று உண்டு. 1883-ல் அகஸ்ட் கெர்கோஃப்ஸ் எழுதியது. பூட்டு வேலைசெய்யும் முறை எதிரிக்கே தெரிந்திருந்தாலும் பூட்டு நிற்க வேண்டும். ரகசியம் சாவியில் மட்டும் இருந்தால் போதும். அவருக்குத் தொள்ளாயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தைய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, சோழன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் ஆண்டு ஏற்பாடுகளை, இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். குடும்பு என்றால் ஊரின் வார்டு. 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் வருகின்றன. சிறியவர் பெரியவர் என்று மகாசபை முழுக்கக் கூடியிருக்கிறது. நம்பிமார் எனும் கோயில் பூசகரில் மூத்தவர் எழுந்து நின்று எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வேறு ஓலையைக் கைக்குள் மறைத்து மாற்றிவிடக் கூடாதே! வாங்கியதை அவர் உரக்க வாசிக்கிறார். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் வாங்கி மறுபடி வாசிக்கிறார்கள். யாரையும் நம்பத் தேவையில்லாதபடி அமைத்த முறை இது.

கணக்கு விஷயத்தில் கல் இன்னும் கறார். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவரோடு நிற்கவில்லை. சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், மருமகன், அப்பன், பிள்ளை என்று உறவுமுறைப் பட்டியல் நீள்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வைரமேகத் தடாகம் போன்ற ஏரியைப் பராமரிக்கும் பொறுப்பு அவர்களுடையது. அந்த ஆறு பேரும் ‘எங்கள் பெயர் தனிநபர் விவரம்’ என்று சொல்லியிருந்தால் மகாசபை என்ன செய்திருக்கும்?

இது பிராமணரின் பிரம்மதேய ஊர். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கான சபை. இதைப்போய் முன்மாதிரி எனலாமா என்று கேட்பார்கள். தெரியும். மக்களாட்சியின் தாய் என்றெல்லாம் பேசுவது நானல்ல, தில்லி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி? கல்லைக் காட்டிப் புகழ் வாங்குகிறவர்கள், கல் சொன்ன கணக்கையும் காட்டட்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இருக்கிறதே, பொதுநலன் பெரிதென்று பட்டால் தகவல் தரலாமே என்கிறது மத்திய அரசு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஏரிக் கணக்குக் கேட்டு விண்ணப்பம் போடுகிற உத்திரமேரூர் ஒன்றியத்துக்காரர், மேலதிகாரியின் பெயர் உள்ள கோப்பைத் தருவது பொதுநலன் என்று எந்தப் பொதுத் தகவல் அலுவலரை நம்பவைப்பார்? மறுத்தால் முதல் மேல்முறையீடு, பிறகு சென்னையில் ஆணையம். அதற்குள் தூர்வாரியதாகச் சொன்ன மண் மறுபடி ஏரியில் சேர்ந்துவிடும். தகவல் கேட்டு மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். அதற்குக் காவல் நிலையம் இருக்கிறது.

ரேஷனில் வாங்காத சர்க்கரைக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வராத தெரு நம் ஊரில் உண்டா? போலி அட்டையும் செத்தவர் பெயரில் கூலியும் பல முறை பிடிபட்டது, யாரோ ஒருவர் பெயர்ப் பட்டியலை வாங்கி வீடு வீடாகச் சரிபார்த்ததால்தான். நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் போட்டு 125 நாள் என்றார்கள். ஊரில் அது இன்னும் நூறு நாள் வேலைதான். அதில் வெயிலில் நிற்கும் பெண்களைக் காலையிலும் மதியத்திலும் படமெடுத்துச் செயலியில் ஏற்றுவதை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். கூலிக்காரியின் முகத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு, பில்லில் கையெழுத்துப் போட்ட பொறியாளரின் பெயர் அந்தரங்கமாகத் தெரிகிறது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது அந்தப் பொறியாளருக்காகவா?

44(3) ரத்தாக வேண்டும். திருத்தம், விளக்கச் சுற்றறிக்கை எதுவும் பயன்படாது. 1997-லேயே, ஓட்டை உடைசலோடு என்றாலும், நாட்டின் முதல் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் இது. 44(3) ரத்தாகும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே மானியப் பயனாளிகளின் விவரத்தையும் அதிகாரிகளின் ஊதியத்தையும் வெளியிடச் சொல்கிறது. அதில் இன்னும் யாரும் கைவைக்கவில்லை. உத்திரமேரூர் ஒன்றியத்து ஊராட்சிகள் அக்டோபர் 2 கிராம சபையில் தொடங்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், அளவெடுத்த பொறியாளர் பெயர் மூன்றையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயின்டில் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டு, எழுதிய பிறகே அடுத்த வேலைக்கு ஒப்புதல் என்றும் அதில் சேர்க்கட்டும். தில்லிக்கு ஆட்சேபம் இருந்தால், ஊராட்சிச் சுவரைச் சுரண்ட ஆள் அனுப்பட்டும்.