மதுக்கடையும் ஊர் முற்றமும்

வன்னிப் பெருநிலத்தில் நாலு பேர் கூடினால் நீரைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் யானையைப் பற்றியும் பேசுதல் இயல்பு. அண்மைக் காலமாக நான்காவது பொருளொன்றும் அவற்றோடு வந்து சேர்ந்துள்ளது, அதுதான் மதுக்கடை. 2024 டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் வெளியிட்ட பட்டியலின்படி, அவ்வாண்டில் நாடு முழுவதும் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் 361. வட மாகாணத்துக்குரியவை 32. அவற்றுள் சரிபாதி, அதாவது 16, கிளிநொச்சி என்னும் ஒரே மாவட்டத்துக்கு. எஞ்சிய 16 ஐயும் மற்றை நான்கு மாவட்டங்களும் பகிர்ந்துகொண்டன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் தொகை ஏறத்தாழ 113,500. யாழ்ப்பாண மாவட்டத்ததோ 583,000 க்கு மேல். இந்தப் பங்கீட்டுக்கு எந்தக் கணக்கு அடிப்படையாயிற்று என்பது நமக்கு விளங்கவில்லை. அரசியல்வாதிகளின் சிபாரிசே அடிப்படை என்னும் குற்றச்சாட்டு அப்போது எங்கும் எழுந்தது. அதனை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று.

நாம் எண்ணிப் பார்க்க விழைவது கடையின் உட்புறத்தையன்று, வெளிப்புறத்தை. எப்.எல். 4 எனப் பெயரிய அனுமதி, முத்திரை உடையாத போத்தலை விற்பதற்குரியது. வாங்கியவர் அவ்விடத்திலிருந்து அருந்துதல் ஆகாது. அங்கு ஆகாதெனின் எங்கே அருந்துவது? வீட்டிலே என்று சட்டஞ் செய்தோர் கருதினர் போலும். வன்னி இல்லங்களின் நிலையை அவர் அறியார். மனையாளும் மக்களும் வயோதிபத் தாயும் கூடியுள்ள சிறு வீட்டிலே, அன்றைய கூலியின் பாதியைப் போத்தலாக்கிக் கொண்டு சென்று துணிந்து உட்கார்பவர் சிலரே. ஏனையோருக்கு மதகு இருக்கிறது. வாய்க்கால் வரம்பு இருக்கிறது. பேருந்துத் தரிப்பிடம் இருக்கிறது. தேக்க மர நிழல் இருக்கிறது. சிலவிடங்களில் கடையின் பின்வளவிலேயே தகரப் பந்தலும் பிளாஸ்ரிக் நாற்காலிகளும் தாமாக முளைத்துவிடுகின்றன. இவ்வாறு, எவரும் அனுமதி கேளாமலும் எவரும் அனுமதி வழங்காமலும், ஊரின் முற்றம் மதுச்சாலையின் முற்றமாகிவிடுகிறது.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடித்து இருள் வேளையில் சந்தியிலே இறங்கும் பெண் அந்த மதகைக் கடந்தே வீடு செல்ல வேண்டும். மாலை வகுப்புக்கு வரும் மாணவியர் ஒழுங்கை மாறிச் சுற்றுவழியாக வருவதை ஆசிரியர்கள் அறிவர். காரணத்தை அவர்கள் வினவுவதில்லை, மாணவியர் சொல்வதுமில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மதுவிற்றலைத் தடுக்கிறது. கடைக் கதவினில் அது செல்லும். மதகடியில் யார் வயது கேட்பார்?

மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். அனுமதி பெற்ற கடை இல்லாவிடத்தில் கசிப்பு ஓடும் என்பர் அதிகாரிகள். அக்கூற்று முற்றிலும் பொய்யன்று. கசிப்பினால் குடல் வெந்து மாண்டவர் குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும் கடை வந்த ஊர்களிலே கசிப்பு ஒழிந்ததா என்பதற்கு விடை சொல்வார் இல்லை. பகலெல்லாம் வெயிலில் அரிவு வெட்டியவன் மாலையில் சிறிது அருந்த விரும்பினால் அவனைக் கீழ்மகன் என்றல் நம் கருத்தன்று. முன்னைய மதுவிலக்குக் கிளர்ச்சிகளில் ஒரு குறை இருந்தது. கள்ளை ஒழிப்போம் என்று மேடையேறியவர்களுட் பலர் சீவற்றொழிலாளியின் அடுப்பை நினைத்ததில்லை. இன்றோ அத்தொழிலாளியின் கள்ளை விலைப்படாமற் செய்வதும் இந்தச் சாராயப் போத்தலே.

ஊரைக் கேட்டு முடிவு செய்தல் இத்தீவுக்குப் புதிய வழக்கமன்று. மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912 இல் வந்தது. அதன்பின் 1920 களில், ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை நடைமுறையில் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அவ்வாறு மூடப்பட்டவை பல. 1927 நவம்பரில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பிலே காந்தியடிகள் இங்கு வந்தபோது மதுவிலக்கு வீட்டுத் திண்ணைகளிலும் பேசப்பட்ட பொருளாயிருந்தது. இந்நாளில் இங்கிலாந்திலே, 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நடைபாதையில் மேசை நாற்காலியிட விரும்பும் விடுதிக்காரர் அதற்கான அறிவித்தலைத் தம் கடைமுகப்பில் ஒட்டுதல் வேண்டும். அயலவர் தம் கருத்தை உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுதலாம். மேசை நாற்காலிக்கே அத்தகைய முறை. நம் நாட்டிலோ பிரதேச செயலாளரின் அறிக்கையும் பொலிசாரின் அறிக்கையும் பெறப்படுகின்றன. வேலிக்கு அப்பால் வாழ்பவரின் சொல் தீர்க்குஞ் சொல்லாக இல்லை.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். வள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலிலே, துறவற இயலில் வைத்தார். கள்ளுண்ணாமையை அங்கு வைத்திலர்; பொருட்பாலிலே, சூதுக்கு முன்னதாக, 93 ஆம் அதிகாரமாக வைத்தார். புலால் மறுத்தல் தவஞ் செய்வான் தன் நெஞ்சோடு செய்யும் ஒப்பந்தம். கள்ளோ அரசும் குடியும் பொருளும் பற்றிய செய்தி. ஆதலின் 'குடிப்பதும் குடியாததும் அவனவன் விருப்பம்' என்று கூறி அரசு ஒதுங்கிக்கொள்ளுதல், குறளின் வைப்புமுறையை அறிந்தார்க்கு ஒப்பாது. அனுமதி கொடுப்பதும் வரி தண்டுவதும் அரசாயிருக்க, விளைவு மட்டும் தனிமனிதனுடையதாதல் எங்ஙனம்?

அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. ஆகவே ஆண்டுதோறும் அயலாரைக் கேட்பதற்கு வாய்ப்புண்டு. புதுப்பிக்கும் முன் விண்ணப்ப விவரத்தைத் தமிழில் எழுதிக் கடைவாயிலிலும் கிராம அலுவலர் பணிமனையிலும் ஒட்டுக. கடைக்கு வெளியே நிகழ்வனவற்றுக்கும் கடைக்காரரைப் பொறுப்பாளியாக்குக. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு, கடைக்கு இசைவளித்த அறிக்கையின் பிரதியை எந்தக் குடிமகனும் கேட்டுப் பெற முயலலாம். ஊர்ச் சங்கங்கள் இதனைச் செய்தல் நன்று. 2025 மே மாதத் தேர்தலால் அமைந்த பிரதேச சபைகளும் உள்ளன. பின்வளவில் எழுந்த தகரப் பந்தலுக்குச் சபையின் கட்டட அனுமதி உண்டா என்று வினவுதற்குக் கொழும்பு வரை செல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்திலே ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டாற் போதும்.