கார் போகட்டும், போனஸ் போகக்கூடாது!

பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்கப் போகிறீர்களா? நல்லது. வீட்டில் எல்லோரும் காருக்கு மாலை போடும் அவசரத்தில் இருப்பார்கள். ஷோரூமில் நீட்டும் இன்சூரன்ஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அங்கேதான் பணம் போகிறது!

தொடர்ந்து 5 ஆண்டுகள் நஷ்டஈடு கேட்காதவருக்கு 50 சதவீதம் போனஸ் உண்டு. அது காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்ற ஆதாரத்தைக் காட்டிப் பழைய கம்பெனியிடம் அதற்கொரு கடிதம் வாங்குங்கள். 3 ஆண்டுகள் வரை அது செல்லும். புதுக் காரின் சேதத்துக்கான பிரீமியம் 12 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் இருந்தால் 6 ஆயிரம்தான். இரண்டு மாதப் பால் கணக்குத் தீர்ந்துவிடுமே!

பிறகு இரண்டு மூன்று கம்பெனிகளில் விசாரியுங்கள். ஷோரூம்காரர் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. நம் காரால் பிறருக்கு நேரும் விபத்துக்கான பிரீமியம் அரசு நிர்ணயித்தது. அதில் பேரம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் நம் காரின் சேதத்துக்கான பகுதியில்தான்.

ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொல்கிறாரா? உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். காரின் மதிப்பைக் குறைத்து எழுதியிருக்கலாம். கார் திருட்டுப் போனால் அந்த மதிப்பை வைத்துத்தான் பணம் தருவார்கள்.

உங்கள் பழைய காரை வாங்கியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற அவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதவேண்டும்.