மருந்து நின்ற பின்

எச்செயலையும் தொடங்குமுன் அதன் முடிவை எண்ணுதல் அறிவுடையோர் இயல்பு. ஆயினும், ஆடவர் தலைவழுக்கைக்கென விற்கப்படும் மருந்துகளைப் பொறுத்தமட்டில் இம்முறை பெரும்பாலும் தலைகீழாய் நிற்கக் காண்கின்றோம். எப்பொழுது தொடங்குவது, எவ்வளவு உட்கொள்வது, எத்தனை திங்களில் மயிர் தழைக்கும் என்று வினவாத வாலிபர் இலர். நிறுத்தினால் யாது நிகழும் என்று வினவுவோரோ மிகச் சிலர். அவ்வினாவிற்கு விடை கூறுதலும், அவ்விடையை மருந்து தொடங்கும் நாளிலேயே ஒவ்வொருவனும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை நிலைநாட்டுதலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயில்வோர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். தம் நிலையினின்று தாழ்ந்த மாந்தர்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை கூறியவர் வள்ளுவரன்றோ? இருக்குமிடத்தில் இருக்கும்வரை பேணப்படுவதும், வீழ்ந்த அக்கணமே இகழப்படுவதுமாகிய ஒரு பொருளைப் பற்றித் தமிழ் மாணாக்கர் எண்ணுதல் புதுமையன்று. மேலும் இது மயிரைப் பற்றிய செய்தி மட்டுமன்று. இருபது வயதினர் தம் உடலையும் மனத்தையும் பெற்றோர் ஈட்டிய பொருளையும் பணயமாக வைக்கும் செய்தியுமாம்.

முதற்கண் வழுக்கை உண்டாகும் முறையைச் சுருங்கக் கூறுவோம். ஆணுடலிற் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ஒரு நொதியானது டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆற்றல் மிக்க பொருளாக மாற்றுகின்றது. மரபினால் அதற்கு எளிதில் வயப்படும் மயிர்க்கால்கள், அப்பொருளின் தாக்கத்தால் ஆண்டுக்காண்டு சிறுத்து, தடித்த மயிரைத் தந்த இடத்தில் மெல்லிய பூமயிரைத் தருகின்றன. 1942ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர், பருவமெய்துமுன் விரை நீக்கப்பெற்றோர்க்கு வழுக்கை விழாமையையும், அவருள் மரபில் வழுக்கையுடையார்க்கு ஆண் ஹார்மோனை அளித்தவிடத்து வழுக்கை தோன்றியமையையும் எடுத்துக்காட்டினார். 1974ஆம் ஆண்டில், டொமினிக்கன் குடியரசில் மேற்கூறிய நொதி பிறவியிலேயே குறைவுற்ற ஆடவரைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்தது. அவர்கட்கு முன்னெற்றி மயிர் பின்வாங்கவில்லை என்பதும், புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது என்பதும் அதனாற் புலப்பட்டன. நொதியைத் தடுத்தால் இவ்விரண்டினையும் அடக்கலாகும் என்னும் எண்ணம் இவ்வாறே வலுப்பெற்றது.

அவ்வெண்ணத்தின் பயனாய் வந்த மருந்தே பினாஸ்டெரைடு. 1992ஆம் ஆண்டில் புராஸ்டேட் வீக்கத்திற்கென 5 மில்லிகிராம் அளவிலும், 1997ஆம் ஆண்டில் ஆடவர் வழுக்கைக்கென 1 மில்லிகிராம் அளவிலும் அமெரிக்க அரசின் இசைவு பெற்றது அது. மற்றொன்று மினாக்ஸிடில். இஃது உயர்ந்த இரத்த அழுத்தத்திற்கென 1979ஆம் ஆண்டில் இசைவு பெற்ற மாத்திரை. இதனை உண்டோர் உடலில் வேண்டாவிடத்தெல்லாம் மயிர் வளரக் கண்டனர். பின்னர் அதனையே தலையில் தடவும் நீராக்கி, 1988ஆம் ஆண்டில் வழுக்கைக்குரிய மருந்தாக விற்கலாயினர். முன்னது நோயின் காரணத்தைத் தடுப்பது. பின்னது காரணத்தைத் தீண்டாது மயிர்க்காலின் வளர்ச்சிக் காலத்தை நீட்டுவது. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டாற்றான், நிறுத்திய பின் நிகழ்வது விளங்கும்.

பினாஸ்டெரைடு உண்ணுங்கால் குருதியிலுள்ள டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு குறைகின்றது. நிறுத்தினால், ஏறக்குறைய 2 வாரங்களில் அது பழைய அளவை எய்திவிடுகின்றது. ஆயினும் தலை அன்றே மாறுவதில்லை. மயிர் ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில வாரம் ஒடுங்கி, ஏறத்தாழ 3 திங்கள் ஓய்ந்திருந்து பின்னரே உதிர்வது. ஆதலின் காரணம் திரும்பிய பின்னும் அதன் விளைவு கண்ணிற் படச் சில திங்கள் ஆகும். நிறுத்திய 12 திங்களுக்குள் பெற்ற பயன் நீங்கிவிடும் என்று அம்மருந்தோடு வரும் குறிப்பே கூறுகின்றது. மினாக்ஸிடிலோ இன்னும் விரைந்து கைவிடும். அதனாற் புதிதாய் வளர்ந்த மயிர், தடவுதலை விட்ட 3 அல்லது 4 திங்களில் உதிர்ந்துபோம்.

இது வெறும் எச்சரிக்கை மொழியன்று, சோதித்தறிந்த உண்மை. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த பெரும் ஆராய்ச்சி ஒன்றில், 18 முதல் 41 வயது வரையுள்ள ஆடவர் 1553 பேர் பங்குகொண்டனர். ஒரு சாரார்க்குப் பினாஸ்டெரைடும், மறு சாரார்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் ஓராண்டு அளிக்கப்பட்டன. உச்சியில் ஓர் அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்தில் மயிரை எண்ணியபோது, மருந்துண்டோர்க்கும் உண்ணாதோர்க்கும் இடையே சராசரி 107 மயிர் வேறுபாடு இருந்தது. நிற்க. இரண்டாம் ஆண்டில், மருந்துண்டோருள் ஒரு பகுதியினர் போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டனர். முதலாண்டில் அவர்கள் பெற்றது இரண்டாமாண்டில் மறைந்தது. மருந்தைத் தொடர்ந்தோர்க்கோ பயன் நிலைபெற்றது. மருந்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் சான்று இதனினும் வேறு வேண்டுமோ?

இவ்வுண்மையை அறியாமையால் வாலிபர் நடுவே மூன்று பொய்கள் உலவுகின்றன. முதலாவது, காய்ச்சலுக்கு மருந்துண்டு குணமாவதுபோல ஓராண்டோ ஈராண்டோ உண்டுவிட்டால் வழுக்கை அடியோடு தீர்ந்துவிடும் என்பது. விளம்பரங்கள் இதனை வாய்விட்டுக் கூறுவதில்லை. ஆனால் முன்னும் பின்னுமாக இரு படங்களைக் காட்டி, பின்னதற்குப் பின் யாதென்று கூறாது விடுகின்றன. அம்மௌனமே பொய்யின் வேலையைச் செய்கின்றது. இம்மருந்துகள் விலைக்கு வாங்கிய நிலம்போல்வன அல்ல. ஆண்டுதோறும் குத்தகை செலுத்தி வைத்துக்கொள்ளும் நிலம்போல்வன. செலுத்துமளவும் விளைச்சல் நமது. நிறுத்திய அன்றே உரிமை நீங்கும்.

இரண்டாவது பொய் முதலாவதற்கு நேர்மாறானது. மருந்தைத் தொட்டுவிட்டால் பின்னர் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் மருந்தே தொடாதவனினும் கேடான வழுக்கை வந்துவிடும் என்பது அது. இதற்கும் ஆதாரமில்லை. 22 வயதில் மருந்து தொடங்கி 27 வயதில் நிறுத்திய ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் திரும்பிச் செல்வது 22 வயதில் இருந்த தலைக்கன்று. மருந்தே உண்ணாதிருந்தால் 27 வயதில் எத்தலை இருந்திருக்குமோ அதற்கு. ஐந்தாண்டில் சிறிது சிறிதாக நிகழ வேண்டியது ஓராண்டிற்குள் நிகழ்ந்துவிடுதலின், பெருங்கேடு நேர்ந்ததாக அவன் அஞ்சுகின்றான். விளக்கு எரிந்த அறையில் எண்ணெய் தீர்ந்து ஒளி அவிந்தால், அவ்வறை முன்னினும் இருண்டதாகத் தோன்றும். இருள் மிகவில்லை, ஒளிக்குப் பழகிய கண்ணே அதனை மிகுத்துக் காட்டுகின்றது. கடன் வட்டியோடு திரும்பிற்று என்று புலம்ப இடமில்லை. தவணை தள்ளப்பட்ட கடன் ஒருசேர வந்தது, அவ்வளவே.

மூன்றாவது பொய் இவ்விரண்டினும் நுண்ணியது. மருந்தால் யாதேனும் தீங்கு நேரினும், நிறுத்திய அன்றே அஃது எல்லார்க்கும் ஒருங்கே நீங்கிவிடும் என்பது. இங்கு மிகைப்படுத்தலும் ஆகாது; மறைத்தலும் ஆகாது. தொடக்கத்துச் சோதனைகளில், ஓராண்டில் காமவுணர்வும் அதன் ஆற்றலும் குன்றியதாகக் கூறியோர் மருந்துண்டோருள் நூற்றுக்கு 3.8, போலி மாத்திரை உண்டோருள் 2.1. நிறுத்தியோர்க்கு அக்குறை நீங்கியதாகவே அப்பொழுது எழுதினர். ஆயினும் பின்னாளில், நிறுத்திய பின்னும் குறை நீடித்ததெனச் சிலர் முறையிட்டமையின், 2012ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிருவாகம் அதனையும் குறிப்பிற் சேர்ப்பித்தது. தற்கொலை எண்ணம் பினாஸ்டெரைடு மாத்திரையின் பக்கவிளைவுகளுள் ஒன்றென 2025ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்து நிறுவனத்தின் குழு உறுதிசெய்தது. அஃது எத்தனை பேர்க்கு நேரும் என்பது கணிக்கப்படவில்லை. பெரும்பாலோர் தீங்கின்றி உண்கின்றனர் என்பதும் மெய். சிலர்க்கு மனம் மருந்தால் இருளக்கூடும் என்பதும் மெய். இவ்விரு மெய்களையும் ஒருங்கே அறிந்தவனே தானே தேர்ந்தவன் ஆவான்.

அங்ஙனமாயின், உண்ணவே கூடாதோ என்று வினவுவார்க்கு, யாம் அவ்வாறு கூறவில்லை என்போம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கண் மீண்டும் மங்குகின்றது. அதனாற் கண்ணாடி பயனற்றது என்பார் இலர். இரத்த அழுத்தத்திற்கு நாளும் மாத்திரை உண்பாரை நாம் இகழ்வதுமில்லை. ஆனால் கண்ணாடி கொடுப்போன், இதனை ஆறு திங்கள் அணிந்தால் கண் தெளிந்துவிடும் என்று கருதவைத்தால் அவனை யாது சொல்வோம்? குற்றம் மருந்தினதன்று, அதன் முடிவைச் சொல்லாது தொடக்கத்தை மட்டும் விற்போரது.

இன்னுமொரு தடை உண்டு. இவற்றையெல்லாம் முன்னரே கூறினால் வாலிபர் அஞ்சி, காலத்தில் செய்யவேண்டிய மருத்துவத்தைக் கைவிடுவர் என்பர் சிலர். நெடுங்காலம் சுருங்கிக் கிடந்த மயிர்க்கால் மீள்வது அரிதாதலின், இக்கூற்றில் ஒரு நியாயம் உண்டு. ஆயினும், அறியாமல் தொடங்கியவன் அரைகுறையிலேயே விட்டுவிடுகின்றான். பயன் தெரியவே 3 திங்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதை அறியாமல் இரண்டாம் திங்களில் விடுவோனும், பயன் கண்ட மகிழ்ச்சியில் இனி வேண்டாவென்று விடுவோனும், தேர்வுக்கட்டணத்திற்குப் பணம் வேண்டியபோது விடுவோனும் இறுதியில் ஓரிடத்திலேயே வந்து நிற்கின்றனர். செலவிட்ட பொருள் போயிற்று, மயிரும் போயிற்று, ஏமாந்தோம் என்னும் மனக்கசப்பு மட்டும் எஞ்சிற்று. அறிந்து மறுத்தவனுக்கும் அறிந்து ஏற்றவனுக்கும் இக்கசப்பு இல்லை. ஆதலின் அறிவித்தல் மருத்துவத்திற்குப் பகையன்று என்பது எம் துணிபு.

ஆகவே மருந்து தொடங்க எண்ணும் நண்பர்க்கு யாம் கூறுவன இவை. முதலாவது, தோல் மருத்துவர் ஒருவரைக் காணாமல் தொடங்கற்க. எல்லா மயிருதிர்வும் இவ்வகைப்பட்டதன்று. காய்ச்சலாலும் உணவுக் குறையாலும் உதிர்வது காரணம் நீங்கத் தானே திரும்பும். இரண்டாவது, பத்தாண்டு தொடர்ந்து உண்ண மனமும் பொருளும் உண்டோ என்று முதல் நாளே எண்ணுக. மூன்றாவது, உண்ணுங்கால் உள்ளம் காரணமின்றிச் சோர்ந்தால், வெட்கி மறைக்காது உடனே நிறுத்தி மருத்துவரிடமும் நம்பத்தக்க ஒருவரிடமும் கூறுக. மயிரினும் உயிர் பெரிது. நான்காவது, வேறு காரணத்தால் நிறுத்த நேரின், ஓராண்டிற்குள் வரப்போவது இன்னதென்று அறிந்து நிறுத்துக. அறிந்து எதிர்கொண்ட உதிர்வு அச்சுறுத்துவதில்லை.

இனி மருந்துண்ணாத நண்பர்க்கும் ஒரு சொல் உண்டு. இருபது வயதினன் ஒருவன் மருத்துவரிடமும் செல்லாமல், பெற்றோரிடமும் கூறாமல், கைப்பேசியிற் கண்ட விளம்பரத்தை நம்பி மாத்திரையை வரவழைத்து மறைத்து உண்பது எதனால்? தலை நோவதனாலன்று, வழுக்கை நோவு செய்வதில்லை. வகுப்பறையின் பின்வரிசையிலிருந்து எழும் நகைப்பே நோவு செய்கின்றது. மருந்தை நிறுத்தியவன் மீண்டும் அஞ்சுவதும் கண்ணாடியையன்று. விடுமுறை கழித்து விடுதிக்குத் திரும்பும் நாளில் தன் தலையின்மேற் படியும் கண்களை. ஆகவே அவனுடைய மருந்தின் அளவை மருத்துவர் மட்டும் முடிவுசெய்வதில்லை. நாமும் ஒரு பங்கு முடிவுசெய்கின்றோம். பட்டப்பெயரிட்டு நகைக்கும் வழக்கத்தை இக்கல்லூரியில் ஓராண்டு நிறுத்திப் பார்ப்போமாக. அதனை நிறுத்துவதால் வரும் பின்விளைவு யாதொன்றுமில்லை. மாத்திரையின் தேவையை உள்ளபடி எடைபோடும் அமைதி சிலர்க்கேனும் அதனால் வாய்க்கும்.

மருந்து விற்போரும், அதனை எழுதிக்கொடுப்போரும், உண்போரும் தொடக்க நாளிலேயே இறுதி நாளைப் பற்றிப் பேசுவாராக. வருவதை முன்னறிந்து தேர்ந்தவன், மயிர் நிற்பினும் நீங்கினும் தன் தேர்வுக்காகத் தலைகுனிய வேண்டுவதில்லை.